ஒரே கொத்தில் எல்லாக் காயும் ஒன்றாக முதிருமா?

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பி விடுகின்றன. அவற்றில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். கையில் சோற்றுத் தூக்கு இருக்கும். போடிமெட்டு வழியாக மலை ஏறி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். மாலையில்தான் வீடு திரும்புவார்கள்.

ஏலக்காய் பறிப்பது லேசான வேலை அல்ல. செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்க்கொத்து நீண்டு கிடக்கும். ஒரே கொத்தில் முதிர்ந்த காயும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், பூவும் இருக்கும். முதிர்ந்ததை மட்டும் பறிக்க வேண்டும். பிஞ்சில் கை வைக்கக் கூடாது. சில வாரம் கழித்து வந்து பார்த்தால், அன்று விட்ட பிஞ்சு இன்று முதிர்ந்திருக்கும்.

புதிதாக வேலைக்கு வரும் பெண் இதை எப்படிக் கற்கிறாள்? யாரும் அவளுக்குப் பிரசங்கம் செய்வதில்லை. பழகியவள் பக்கத்தில் உட்காருகிறாள். பார்க்கிறாள். தானே பறிக்கிறாள். தவறினால், "இது பிஞ்சு, விட்டுடு" என்று பக்கத்தில் இருப்பவள் சொல்கிறாள். கொஞ்ச நாளில் கை தானாகவே காயைத் தேடிப் பிடிக்கிறது.

பார்ப்பது, செய்வது, திருத்திக் கொள்வது. கற்பதன் சூட்சுமம் இதுதான்!

பள்ளியில் நடப்பது என்ன?

பல வகுப்புகளில் இப்படி நடப்பதில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பக்கம், ஒரே வேகம். நன்றாகப் படிப்பவனுக்கும் அதே பாடம். எழுத்துக் கூட்டத் தெரியாதவனுக்கும் அதே பாடம். ஆசிரியர் சொல்ல, எல்லாரும் சேர்ந்து உரக்கச் சொல்கிறார்கள். அந்தச் சத்தத்தில், தெரியாத பிள்ளையின் மௌனம் யாருக்கும் கேட்பதில்லை.

படித்த பெற்றோரின் பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆள் உண்டு. தாய் மலைக்குப் போய்விட்டால், அந்தப் பிள்ளைக்கு யார் துணை? பள்ளிக்கூடம்தான் துணை. அங்கே விட்டுப் போனது, விட்டுப் போனதுதான். ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைப் படிக்க முடியாமல் திணறும் பிள்ளை, பின்னர் பள்ளியை விட்டே நின்று விடக்கூடும்.

ஆகவே பாடம் நடத்தும் முறை என்பது ஆசிரியர்கள் மட்டும் பேசிக்கொள்ளும் விஷயம் அல்ல. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தின் எதிர்காலமே அதில் இருக்கிறது.

தமிழ்நாட்டின் முயற்சி

இதைத் தமிழ்நாடு உணராமல் இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் "செயல்வழிக் கற்றல்" தொடங்கியது. ஆந்திரத்தில் உள்ள ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்து அமைத்தது அது. 2007-ல் மாநிலம் முழுவதும் பரவியது. பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. ஏணியில் ஏறுவது போல, ஒரு படியை முடித்த பிள்ளை அடுத்த படிக்குப் போனது. பிள்ளைகளின் உயரத்துக்கே சுவரில் கரும்பலகை வைத்தார்கள். ஆசிரியரும் பாயில் அமர்ந்தார்.

2022-ல் "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்தது. அதில் பிள்ளைகளின் நிலைக்கு ஏற்ப "அரும்பு, மொட்டு, மலர்" என்று மூன்று பிரிவு வைத்தார்கள். பிள்ளை எங்கே நிற்கிறதோ, அங்கிருந்து பாடம் தொடங்க வேண்டும் என்பதே கருத்து.

நல்ல கருத்துதான். ஆனால் அட்டை தானாகப் பாடம் நடத்தாது. ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் கவனித்தால்தான் அது பலிக்கும். அதற்கு அவருக்கு நேரமும் வேண்டும், துணையும் வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. போடியில் ஏலக்காயைச் சல்லடையில் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். பெரிய காய்க்கு அதிக விலை. அது சரி. காய்ந்த காய் இனி வளரப் போவதில்லை. பிள்ளை அப்படியா? அது செடியில் இருக்கும் காய்! "இவன் அரும்பு" என்று முத்திரை குத்தி மூலையில் உட்கார வைத்தால், நல்ல திட்டமும் சல்லடையாகி விடும்.

மனதில் நிற்பது எப்படி?

சரி, படித்தது மறக்காமல் இருக்க வழி என்ன? "திரும்பத் திரும்பப் படி" என்பார்கள் பெரியவர்கள். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியல் அறிஞர்கள் இதைச் சோதித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவு மாணவர்கள் ஒரு பாடத்தை நான்கு தடவை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு தடவை படித்து, மூன்று தடவை பாராமல் எழுதிப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்து நினைவில் நின்றது எவ்வளவு? படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 100-க்கு சுமார் 40. எழுதிப் பார்த்தவர்களுக்கு சுமார் 61!

பிறருக்குச் சொல்லிக் கொடுப்பதும் இத்தகைய பயிற்சியே. பழைய திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது வழக்கம். சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர்கள் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் மணலில் எழுத வைத்தார்; மாணவரே மாணவருக்குக் கற்பிக்கச் செய்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது.

தாயும் ஆசிரியரே

எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதைச் செய்யலாம். மலையிலிருந்து திரும்பி, அடுப்பு மூட்டும்போது பிள்ளையைக் கேட்கலாம்: "இன்னிக்கு என்ன படிச்சே? புத்தகத்தை மூடி வச்சிட்டு எனக்குச் சொல்லு." பிள்ளை சொல்லச் சொல்ல, பாடம் அதன் மனதில் பதியும். எங்கே தடுமாறுகிறதோ, அதை நாளை ஆசிரியரிடம் கேட்கலாம். இதற்குக் காசு வேண்டாம். பத்து நிமிடம் போதும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பின்தங்கிய பிள்ளையை மற்றவர் முன்னால் "மக்கு" என்று சொல்லாதீர்கள். மலையில் காய் பறிக்கும் பெண் எந்தப் பிஞ்சையும் வீண் என்று கிள்ளி எறிவதில்லை. விட்டு வைக்கிறாள், மறுபடி தேடி வருகிறாள். வகுப்பறையிலும் அந்தப் பொறுமை வேண்டும்!