அரசியின் நகையும் அகப்பட்ட பையனும்



இம்மாதம் ஒரு கள்ளியின் கதையைச் சொல்லப் போகிறேன். முகம் சுளிக்க வேண்டாம். கொழும்பில் பிறந்து வளர்ந்து இப்போது இங்கிலாந்தில் வாழும் நிஸ்ரானா ஃபாரூக் ஆங்கிலத்தில் எழுதி, 2020இல் வெளிவந்த சிறுவர் நாவல் இது. ‘யானையைத் திருடிய சிறுமி’ என்பது தலைப்பின் பொருள். கதை நடக்கும் இராச்சியத்தின் பெயர் செரெண்டிப். அராபிய வணிகர்கள் நமது தீவை அழைத்த பழைய பெயர்தான் அது. மந்திரம், பறக்கும் கம்பளம் ஒன்றும் இதில் கிடையாது. அரசனும் அரண்மனையும் கற்பனை. காடும் அட்டைக்கடியும் நாம் நன்கு அறிந்தவை.

சாயா, கிராமத் தலைவரின் மகள். ஊரில் ஒரு பையன் படுகாயப்பட்டுக் கிடக்கிறான். வைத்தியத்துக்குப் பணமில்லை. சாயா அரண்மனைக்குள் புகுந்து அரசியின் நகைகளை எடுத்து வந்துவிடுகிறாள். ஆனால் பிடிபடுவது அவளல்ல. தச்சு வேலை பழகும் அவளுடைய நண்பன் நீல்தான் சிறைக்குப் போகிறான். சாயா சிறையை உடைத்து அவனை மீட்கிறாள். தப்பி ஓட வேறு வழியில்லாமல் அரசனின் யானையையே கிளப்பிக்கொண்டு காட்டுக்குள் போகிறாள். நூர் என்ற பணக்கார வணிகரின் மகளும் அவர்களோடு ஒட்டிக்கொள்கிறாள். அதன் பிறகு ஓட்டமும் சிரிப்பும், அரசனுக்கு எதிரான கிளர்ச்சியும்.

அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்து நிறுத்துவிட்டு வந்து கூடியிருந்த மாதர் சங்கத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். யானை வரும்வரை யாரும் பொறுத்திருக்கவில்லை. நீல் பிடிபட்ட இடத்திலேயே ஒரு அக்கா குறுக்கிட்டார். “நகைய எடுத்தது தலைவரு மக. புடிச்சது வேலை செய்ற பையனையா? அங்கயும் அப்புடித்தானா மிஸ்?”

அந்தக் கேள்விக்குப் பிறகு கதை நின்றுவிட்டது. கொழும்பில் வீட்டு வேலை செய்து திரும்பிய ஒருவர் தன் கதையைச் சொல்லத் தொடங்கினார். அந்த வீட்டு அம்மாவின் மோதிரம் காணாமற் போனபோது முதலில் திறக்கப்பட்டது இவருடைய பைதான். பாய், தலையணை, உடுத்தியிருந்த உடுப்பு என எல்லாவற்றையும் உதறிப் பார்த்தார்களாம். மறுநாள் மோதிரம் குளியலறையில் கிடைத்தது. “கெடச்சிருச்சுன்னு கூட எங்கிட்ட சொல்லல. கையில போட்டிருந்ததப் பாத்துத்தான் நானே தெரிஞ்சுக்கிட்டேன்” என்றார்.

2023 மே மாதத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பதுளையைச் சேர்ந்த, மூன்று பிள்ளைகளின் தாயொருவர், வீட்டு வேலைக்குப் போன இடத்தில் நகை களவு போனதாகக் கூறப்பட்டு வெலிக்கடைப் பொலிஸாரால் கைது செய்யப்பட்டார். காவலில் இருந்த நிலையிலேயே உயிரிழந்தார். அவர் எடுத்ததாக எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை.

ஆகவே கதையை நிறுத்திவிட்டுச் சட்டம் பேசினோம். பிடியாணையின்றிக் கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பெண்ணின் உடலைச் சோதிப்பதாயின் இன்னொரு பெண்தான் சோதிக்கலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. மகளை வேலைக்கு அனுப்பும் தாய்மார் இந்த நான்கு விடயங்களையும் அவளுக்கு மனப்பாடமாக்கி அனுப்புங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும். பிடிபட்டவளால் தொலைபேசியில் பேச முடியாமற் போகலாம்.

அரசியின் நகை, அகப்பட்ட அப்பாவி என்றதும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் உள்ள சகோதரிகளுக்கு வேறொரு கதை நினைவுக்கு வந்திருக்கும். வற்றாப்பளையில் வைகாசியில் பொங்கிப் படைக்கிறோமே, அந்தக் கண்ணகை அம்மன் கதைதான். பாண்டிமாதேவியின் சிலம்பைக் களவெடுத்தவன் பொற்கொல்லன். கொலையுண்டவன் கோவலன். விசாரணை எதுவும் நடக்கவில்லை. ஒற்றைச் சிலம்போடு கண்ணகி அரசவைக்குப் போய் உண்மையை நிலைநாட்டியபோது கணவன் உயிரோடு இல்லை. பிள்ளையை, கணவனைத் தேடி முகாம் முகாமாக அலைந்த நம் வாசகிகளுக்கு அந்த ஒற்றைச் சிலம்பின் கனம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தக் கதையோடு வைத்துப் பார்க்கும்போதுதான் சாயாவை எனக்குப் பிடித்தது. பொற்கொல்லன் தன் களவை மறைக்க இன்னொருவனைக் காட்டிக் கொடுத்தான். இவளோ தனக்காக அகப்பட்டவனைத் தேடிச் சிறைவாசலுக்கே போகிறாள். நகை எடுத்தது சரியா என்று கூட்டத்தில் வாதம் நடந்தது. “வைத்தியத்துக்குத்தானே” என்றார் ஒருவர். “இருந்தாலும் அடுத்தவங்க பொருளு” என்றார் இன்னொருவர். ஆனால் திரும்பிப் போனது சரி என்பதில் இரண்டு பேச்சே இருக்கவில்லை.

நாவலில் குறையும் உண்டு. அரசன் தெருக்கூத்து அரசன் மாதிரி முழுக் கொடியவன். சிறையை உடைப்பது இவ்வளவு இலேசாக இருக்குமானால் நமது தாய்மார் பலர் எப்போதோ உடைத்திருப்பார்கள். ஆனால் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டதென்பதால் அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. இந்த எழுத்தாளரின் மற்றக் கதைகளிலும் திமிங்கிலம், சிறுத்தை, கரடி என்று ஏதாவதொரு விலங்கு வந்துவிடுகிறது. நகரத்தில் படிக்கும் பிள்ளை இருந்தால் ஒன்றைத் தேடிக் கொண்டுவரச் சொல்லி, தமிழில் சொல்லக் கேளுங்கள்.

அன்று கூட்டம் முடிந்து பலர் எழுந்துவிட்டார்கள். தாயின் மடியில் தூங்குவதுபோல் கிடந்த ஒரு சிறுமி தலையை நிமிர்த்தி, “மிஸ், அந்த யானைக்குச் சாப்பாடு யாரு குடுத்தா?” என்று கேட்டாள். அதைத்தான் அடுத்த கூட்டத்தில் சொல்லவிருக்கிறேன்.