நாவல் பழத்துக்கு ஒரு சிபாரிசு

பிடித்த பழம் எது என்று கேட்டால் நம்ம வகுப்பில் முக்கால்வாசிப் பேர் மாம்பழம் என்பார்கள். சேலத்துக்காரனும் கிருஷ்ணகிரிக்காரனும் யார் ஊர் மாம்பழம் உசத்தி என்று சண்டைக்கே வந்துவிடுவார்கள். நான் நாவல் பழக் கட்சி. டெபாசிட் போனாலும் பரவாயில்லை!

ஆனி, ஆடியில் நம் கேட்டுக்கு எதிரே ஒரு பாட்டி கூடையோடு உட்கார்ந்திருப்பார். உப்புத் தூவிப் பொட்டலம் கட்டித் தருவார். தின்றுவிட்டு அடுத்த பீரியடில் வாய் திறந்தால் ஊதா நாக்கு காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் நாவல் ரெண்டு நாள் தாங்காது. மாங்காய் மாதிரி பறித்துவந்து பழுக்க வைக்கவும் முடியாது. ஒருநாள் சாயங்காலம் பாட்டி பாதிக் கூடையை ஓடையில் கொட்டுவதைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

அந்த வாரமே ஒரு கல்யாணத்தில் 'பெரி ஐஸ்' என்று சிவப்பாக ஒரு கப் கொடுத்தார்கள். எசன்ஸ் வாசனைதான், பழத்தைக் காணோம். மூடியில் பொடி எழுத்தில் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்றிருந்தது. பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்தால் ஐஸ்கிரீம் என்று போடக்கூடாது, அதனால் அந்தப் பெயர். (தாவரவியல் கணக்கில் ஸ்ட்ராபெரி பெரியே இல்லை, கத்தரிக்காய்தான் பெரி!)

நாவலையே உறைய வைத்தால் என்ன? ஹாஸ்டலில் ஃப்ரிட்ஜ் ஏது? பக்கெட்டில் ஐஸ் கட்டியை உடைத்துப் போட்டு, கல்லுப்பைக் கொட்டி, நடுவில் எவர்சில்வர் தூக்கில் பழக்கூழை வைத்தோம். உப்பு கலந்த ஐஸ் மைனஸ் 21 டிகிரி வரை இறங்கும். முதல் தடவை அப்படியே விட்டுவிட்டோம். செங்கல்தான் கிடைத்தது! சர்க்கரையும் போதவில்லை. சர்க்கரை உறைநிலையைக் குறைப்பதால் கொஞ்சம் நீர் உறையாமல் பாகாக நிற்கும், அப்போதுதான் கரண்டி இறங்கும். கிளறிக்கொண்டே இருந்தால் பனிப்படிகமும் பெரிசாக வளராது. ரெண்டாவது தடவை கை மாற்றிக் கை மாற்றிச் சுற்றினோம். அடடா! துவர்ப்பு போகவில்லை, ஆனால் சில்லென்று அடங்கிப்போய் நின்றது.

கேன்டீனில் கலர் குச்சி ஐஸை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த டீப் ஃப்ரீசரில் நாவலுக்கும் ஒரு மூலை கொடுங்கள் என்கிறேன். சாயங்காலம் மிஞ்சுகிற பழத்தைப் பாட்டியிடமே வாங்கிக் கூழாக்கி வைத்தால், ஆடி போன பிறகும் தின்னலாம். பேரவைக் கூட்டத்தில் சொன்னேன், சிரித்தார்கள். சிரித்தவர்களில் மூன்று பேர் எங்கள் தூக்கை வழித்து நக்கியவர்கள்!

பாட்டிக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோனோம். "பல்லு கூசுதுடா சாமி" என்றார். டம்ளரைக் காலியாகத்தான் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்கு எத்தன கிலோ வேணும்?"