நாற்பது வயதுக் காருக்கு யார் மார்க் போடுவது?

நாற்பது வயதைத் தாண்டிய மனிதரிடம் டாக்டர் என்ன சொல்வார்? வருஷத்துக்கு ஒரு முறை மாஸ்டர் செக்கப் செய்துகொள்ளுங்கள் என்பார். நாற்பது வயதைத் தாண்டிய காரிடம் பிரிட்டிஷ் அரசாங்கம் என்ன சொல்கிறது தெரியுமா? "இனிமேல் நீ செக்கப்புக்கே வர வேண்டாம்!"

விளையாட்டில்லை, சட்டமே அப்படித்தான். அங்கே ஓடும் கார்களுக்கு எம்ஓடி என்று வருடாந்திரப் பரிசோதனை உண்டு. 1960-ல் ஆரம்பித்தது. முதலில் பத்து வயதான வண்டிகளுக்கு மட்டும், பிறகு ஏழு வயது, 1967-ல் மூன்று வயது என்று வலை இறுகிக்கொண்டே வந்தது. அப்புறம்தான் தலைகீழ். 2012-ல், 1960-க்கு முன் செய்த கார்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். 2018 மே 20 முதல், பெரிய மாற்றம் எதுவும் செய்யாத நாற்பது வயதுக் கார் எல்லாவற்றுக்கும் விலக்கு. ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஒரு கூட்டம் இந்தப் பட்டியலில் சேர்கிறது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ரசிகர்கள் பலர் இதை வெற்றி என்று கொண்டாடினார்கள். கொண்டாட இதில் எதுவும் இல்லை. வீட்டு ஷெட்டில் கார் பழுது பார்க்கிறவனின் மரியாதைக்கு இதைவிடப் பெரிய வேட்டு வேறு கிடையாது.

முதலில் அந்த ஷெட்காரருக்கு ஒரு சலாம். எம்ஜிபி என்ற இரண்டு சீட்டுக் கார் 1962 முதல் 1980 வரை அபிங்டன் ஊரில் தயாரானது. ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். 1980-ல் அந்தத் தொழிற்சாலையை மூடியும் விட்டார்கள். அதற்குப் பிறகும் அந்தக் கார்கள் ரோட்டில் ஓடுகின்றன என்றால் காரணம் கம்பெனி அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ கப்பும் ஸ்பேனருமாக ஷெட்டுக்குள் நுழைகிற வாத்தியாரும், தபால்காரரும், ரிட்டயரான குமாஸ்தாவும்தான். அந்தக் கார்களும் அவர்களுக்கு ஒத்துழைத்தன. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் முன்பக்க மூடி முழுசாக முன்னால் சாயும், டயர் மேலேயே உட்கார்ந்து என்ஜினைப் பார்க்கலாம். எஸ்யூ கார்புரேட்டரை ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் காற்றின் சத்தத்தைக் கேட்டே சரி செய்துவிடலாம். இன்றைய கார் ஒன்றில் இப்படிக் கை வைக்க முடியுமா?

சும்மா சொல்லக்கூடாது, பெரிய சாதனைதான். ஆனால் கை வைக்கத் தெரிவது ஒன்று, கை வைத்ததைச் சரியாக வைத்தோமா என்று தெரிவது வேறொன்று. இங்கேதான் இடிக்கிறது.

எம்ஜிபிக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. திறந்த மாடலில் கூரையும் கிடையாது. காரின் முதுகெலும்பாக இருப்பது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் என்ற தகரப் பெட்டி. உள்தகடு, நடுத்தகடு, வெளித்தகடு என்று மூன்றும் சேர்ந்துதான் அதற்குப் பலம். இந்தப் பெட்டிக்குள் சேறும் ஈரமும் தங்கினால் துரு உள்ளிருந்து தின்ன ஆரம்பிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

இதைச் சரி செய்ய முறை இருக்கிறது. கதவு இருக்கும் இடைவெளியில் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து இறுக்க வேண்டும். காரைச் சமமாக நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் வெட்ட வேண்டும். கதவைத் திரும்பத் திரும்ப மாட்டி இடைவெளி மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கார் நடுவில் தொய்ந்துவிடும், அதற்கப்புறம் கதவு மூடாது. பொறுமையாகச் செய்தால் வாரக்கணக்கில் ஆகும்.

குறுக்கு வழியும் இருக்கிறது. துருவின் மேலேயே புதுத் தகடு ஒன்றை வெல்டிங் வைத்து, பட்டி பூசி, தேய்த்து, கறுப்புத் தார்ப் பூச்சு அடித்துவிட்டால் முடிந்தது. ஒரே சனிக்கிழமை வேலை. பூசி மெழுகுவது என்று தமிழில் ஒரு வழக்கு உண்டே, அதற்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடைக்காது.

இரண்டு காரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வித்தியாசம் தெரியாது. லிஃப்டில் ஏற்றி அடியில் விளக்குப் பிடித்துப் பார்க்கிற ஒருவருக்குத் தெரிய வாய்ப்பு உண்டு. அந்த ஒருவரைத்தான் 2018-ல் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

விலக்கை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணங்கள் என்ன?

"இந்தக் கார்கள் வருஷத்தில் கொஞ்ச தூரம்தான் ஓடுகின்றன." சரி, ஓடாத கார் நல்ல கார் என்று யார் சொன்னது? நின்றே இருக்கும் காரில்தான் வீல் சிலிண்டர் இறுகிப்போகும். டயரில் பட்டன் குறையாமலே ரப்பர் வெடித்துக் கிடக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், சூட்டில் அந்த ஈரம் ஆவியானால் பெடல் தரையைத் தொடும். அதிலும் ஆரம்பகால எம்ஜிபியில் பிரேக்குக்கு ஒரே ஒரு சர்க்யூட்தான். ஏதாவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் கால் பிரேக் போச்சு. கையில் ஹேண்ட் பிரேக் மட்டும் மிஞ்சும்.

"சொந்தக்காரர்கள் உயிராகப் பார்த்துக்கொள்கிறார்கள்." பார்த்துக்கொள்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பாசம் கண்ணை மறைக்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இடது முன்சக்கரத்தைவிட வலது சக்கரம் குறைவாகப் பிடிக்கிறதா என்பதை ரோலர் மெஷின் எண்ணாகவே காட்டிவிடும். தினமும் அதே ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகிய கைக்கு அது தெரியாது. கொஞ்சம் இழுத்தால், "அது அவ குணம்" என்று செல்லமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

"இன்றைய பையன்களுக்குப் பழைய கார் தெரியாது." கொஞ்சம் நியாயம்தான். கிங்பின்னுக்கு கிரீஸ் கன் பிடிக்க வேண்டும் என்பது இருபது வயது மெக்கானிக்குக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா என்று பார்க்கச் சரித்திர அறிவு தேவையில்லை. சோதிக்கிறவருக்குப் போதாது என்றால் அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். வாத்தியார் சரியில்லை என்பதற்காகப் பரீட்சையையே ரத்து செய்வார்களா?

"பழைய கார்கள் சோதனையில் தோற்பதே குறைவு." இதுதான் இருப்பதிலேயே வேடிக்கையான வாதம். தோற்பது குறைவாக இருந்தது, வருஷா வருஷம் சோதனை இருந்த காலத்தில். பரீட்சை இருந்ததால் படித்தவனைக் காட்டி, இவன்தான் படிக்கிறானே, பரீட்சை எதற்கு என்று கேட்பதைப் போல இருக்கிறது.

இன்னொரு கூத்து. காரில் பெரிய மாற்றம் செய்திருந்தால் விலக்கு கிடையாது. செய்திருக்கிறதா இல்லையா என்று அறிவிப்பது யார்? சொந்தக்காரரேதான். சொந்த விடைத்தாளைச் சொந்தப் பேனாவில் திருத்தி நூற்றுக்கு நூறு போட்டுக்கொள்ளும் ஏற்பாடு. எந்தக் காலேஜில் இந்த வசதி இருக்கிறது?

சட்டம் ஒரு முனையில் விட்டதை மறுமுனையில் பிடிக்கிறது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். விலக்கு சோதனைக்கு மட்டும்தான், பொறுப்புக்கு இல்லை. ஆபத்தான நிலையில் ஓட்டிப் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம், லைசென்சில் மூன்று புள்ளி. ஆனால் சில் மடங்கிய பிறகு, பக்கத்து சீட்டில் இருந்தவருக்கோ, எதிரே சைக்கிளில் வந்தவருக்கோ அந்த அபராதத்தால் என்ன லாபம்?

நஷ்டம் அவர்களோடு முடியாது. வீட்டில் வெல்டிங் வைத்த கார் ஒன்று நாலு பேரைச் சாய்த்தால், அடுத்த நாள் பேப்பரில் வரும் கேள்வி ஒன்றே ஒன்றாகத்தான் இருக்கும். இவர்களை எல்லாம் யார் கார் ரிப்பேர் செய்ய விட்டது? பொறுமையாகக் கதவை மாட்டிக் கழற்றி, மில்லிமீட்டர் கணக்குப் பார்த்து வேலை செய்தவனையும் சேர்த்துத்தான் அந்தக் கேள்வி அடிக்கும். பட்டி பூசியவன் செய்த பாவத்துக்கு அவன் ஷெட்டும் இழுத்துப் பூட்டப்படும்.

இத்தனைக்கும் வழி எளிது. விலக்கு இருந்தாலும் விருப்பப்பட்டவர்கள் சோதனைக்குப் போகலாம், யாரும் தடுக்கவில்லை. நல்ல டயர் ஒன்றின் விலைகூட ஆகாது. ஒரு மணி நேர வேலை. முடிவும் அரசாங்கப் பதிவில் ஏறும், நாளைக்குக் காரை வாங்குகிறவர் ஆன்லைனில் பார்த்துக்கொள்ளலாம். விலக்கு வாங்கிய காருக்கு அந்த இடத்தில் இருப்பது வெறும் வெற்றிடம்.

தன் கை வேலையில் நம்பிக்கை உள்ளவனுக்கு அதை இன்னொருவர் லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பதில் என்ன பயம்? பயப்பட வேண்டியவன் பட்டி டப்பாவோடு நிற்பவன். மடியில் கனம் இருப்பவனுக்குத்தானே வழியில் பயம்.