சீட்டுக்குத் திரும்பாத வால்வு

மேனேஜர் மணியடித்தால் எழுந்து ஓடுவது பெரிய விஷயமே இல்லை. அடுத்த மணி அடிப்பதற்குள் சீட்டுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். சாமர்த்தியம் அதில்தான் இருக்கிறது. லாரி இன்ஜினில் இந்த உத்தியோகம் பார்ப்பது வால்வு ஸ்பிரிங். கேம் வால்வைத் திறக்கும். அதை மூடி, திரும்ப சீட்டில் உட்கார வைப்பது ஸ்பிரிங்கின் பொறுப்பு.

'பி.காம். படிச்சவனுக்கு இதெல்லாம் எதுக்குய்யா?' என்று கேட்காதீர்கள். இதுவும் கணக்குதான். நிமிடத்துக்கு 2400 சுற்று ஓடும் டீசல் இன்ஜினில் ஒவ்வொரு வால்வும் 1200 தடவை திறந்து மூடும். செகண்டுக்கு 20. எட்டு மணி நேர டியூட்டிக்கு 5 லட்சத்து 76 ஆயிரம் தடவை! கேஷுவல் லீவ் கிடையாது.

திருவானைக்காவலில் எங்கள் தெருவில் ஒரு லாரி ஓனர் இருக்கிறார். மண்ணச்சநல்லூர் அரிசி ஏற்றி பெங்களூருக்கு அனுப்புபவர். பழைய வண்டி. 'பிக்கப் பத்தலை' என்று டீசல் பம்ப்பின் சீலை உடைத்து, கவர்னரைத் திருகி, இன்ஜின் வேகத்தை ஏற்றிக்கொண்டார். "ஸ்பிரிங் தளர்ந்திருக்குண்ணே, புது செட் போட்டுடலாம்" என்றார் மெக்கானிக். "எதுக்கு தண்டச் செலவு? அடியில ஆளுக்கொரு வாஷர் போடு, டென்ஷன் தானா ஏறும்!"

ஏறியது. முதலில் ஸ்பிரிங்குக்கு, பிறகு அவருக்கு.

பெங்களூரிலிருந்து திரும்பும்போது, தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் வருவதற்குள் இன்ஜினில் 'டிக் டிக்' சத்தம். இழுவை குறைந்து புகை வேறு. டிரைவர் உடனே ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். அங்கேயே ரிப்பேர் முடிந்து வண்டி ஊர் வந்தது. உடைந்த ஸ்பிரிங் நியூஸ் பேப்பரில் மடித்து வந்தது. ஓனர் வீட்டுத் திண்ணையில் விசாரணை.

"இறக்கத்துல கண்ணுமண்ணு தெரியாம விட்டிருப்பே. செலவை உன் சம்பளத்துல பிடிச்சுக்கறேன்."

"இல்லீங்க மொதலாளி, மேலேயே கியரைக் குறைச்சுட்டுத்தான் எறங்கினேன்."

தெருவே வேடிக்கை பார்த்தது. மெக்கானிக் உடைந்த துண்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இங்க பாருங்க. ஓரத்துல துருப்புள்ளி. அதுலேர்ந்து பிறை மாதிரி வழவழன்னு இருக்கே, இது முன்னாடியே விட்ட விரிசல். மிச்சம் கரடுமுரடா இருக்கறதுதான் கடைசியா உடைஞ்சது. ஒரே நாள்ல நடந்த வேலை இல்லை."

பிறகு வாஷருக்கு வந்தார். வாஷர் கனத்துக்கு ஸ்பிரிங் அமுங்குகிற இடம் குறைகிறது. வால்வு முழுசாகத் திறக்கும்போது சுருளோடு சுருள் முட்டி, கம்பி திணறுகிறது. கவர்னரைத் திருகி வேகத்தையும் கூட்டினால், ஸ்பிரிங் திரும்புவதற்குள் அடுத்த மணி அடித்துவிடும். வால்வு மூடாமல் அந்தரத்தில் நிற்கும். பிஸ்டன் மேலே வந்து இடித்தால் ஹெட்டே காலி.

"தம்பி உடனே நிறுத்தினதால ஹெட்டு பொழைச்சுது. வெளி ஸ்பிரிங்தான் போச்சு. உள் ஸ்பிரிங் வால்வைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கு." இரண்டையும் எதிரெதிர்த் திசையில் சுற்றியிருப்பார்களாம், ஒன்று உடைந்தால் இன்னொன்றுக்குள் சிக்கக்கூடாது என்று. கூட்டுக் குடும்பத்தில்கூட இத்தனை முன்யோசனை கிடையாது.

வேகத்துக்கு ஸ்பிரிங் ஈடுகொடுக்காத பிரச்னை ரேஸ் கார்களுக்கும் உண்டு. 1986-ல் ரெனோ கம்பெனி, ஃபார்முலா ஒன் இன்ஜினில் ஸ்பிரிங்கையே தூக்கிவிட்டு அழுத்தக் காற்றை வைத்தது. வாஷர் வைக்கவில்லை.

லாரி வைத்திருக்கும் மச்சான், மாமா யாராவது உங்களுக்கு இருந்தால் சொல்லிவையுங்கள். ஒரு ஸ்பிரிங் உடைந்தால் மற்றவற்றையும் சந்தேகப்பட்டு முழு செட்டாக மாற்ற வேண்டும். போடுமுன் உயரம், நேர், அமுக்கும்போது தரும் விசை மூன்றையும் பார்க்க வேண்டும். பம்ப்பைக் கம்பெனி அளவுக்கே செட் பண்ணி சீல் வைக்க வேண்டும். இறக்கத்தில் கவர்னர் டீசலைத்தான் குறைக்கும், பின்னாலிருந்து தள்ளும் மூட்டையை நிறுத்தாது. அதற்காக நியூட்ரலில் விடுவது தற்கொலை. உச்சியிலேயே கியரைக் குறைத்து, பிரேக்கையும் சேர்த்து வேகத்தை அடக்க வேண்டும்.

சம்பள நாளன்று அந்த டிரைவரைப் பார்த்தேன். "பிடிச்சாரா?" என்றேன்.

"முழுசா குடுத்துட்டார் சார். கழட்டின வாஷர் ஒண்ணு தொலைஞ்சு போச்சாம், அதுக்கு மட்டும் பிடிச்சுக்கிட்டார்."