கங்கைக்குத் தீட்டு உண்டு

காசிக்குப் போய்த் திரும்புகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகத்தார் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். சந்துகளில் சாணம், மணிகர்ணிகையில் புகை, பண்டாக்களின் பேரம் என்று மூன்றைச் சொல்லி முடித்தால் அவர்களுடைய காசி முடிந்துவிடும். இரண்டாம் ரகத்தார் கண்ணை மூடிக்கொண்டு திரும்புகிறார்கள். "அங்கே அசுத்தத்தைப் பார்ப்பதே பாவம், கங்கைக்கு ஏது தீட்டு?" என்பது அவர்கள் கட்சி. முதல் ரகத்தாரால் காசிக்குப் பெரிய நஷ்டமில்லை. அவர்கள் மறுபடி போகப் போவதில்லை. காசியைக் கெடுப்பவர்கள் பக்திமான்களாகிய இரண்டாம் ரகத்தார்தாம் என்பது என் குற்றச்சாட்டு.

காசியின் அழகை மறுக்க நான் வரவில்லை. தெற்கே இமயத்தை விட்டு இறங்கிய நதி, இந்த ஊருக்கு வந்ததும் மனம் மாறியதுபோல் வடக்கே திரும்பி ஓடுகிறது. மேல்கரை முழுவதும் படித்துறைகள்; எண்பதுக்குக் குறையாது. எதிர்க்கரையில் வெறும் மணல். ஆகவே உதயசூரியன் தடையில்லாமல் நேரே படிகளின் மேல் வந்து விழுகிறான். அந்த ஒரு காட்சிக்காகவே இரண்டு நாள் ரயிலில் இடிபடலாம்.

ஆனால் வருணை, அஸி என்ற இரண்டு ஆறுகளின் பெயரும் சேர்ந்துதான் வாரணாசி ஆயிற்று என்கிறார்கள். அந்த அஸியைத் தேடிப் போங்கள். ஊரார் 'நாலா' என்று ஒரு சாக்கடையைக் காட்டுவார்கள். ஊருக்குப் பாதிப் பெயர் கொடுத்த ஆற்றுக்கு இந்த கதி! இதை எந்த நாஸ்திகன் வந்து செய்தான்?

சர்க்கார் சும்மா இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. கங்கைச் செயல் திட்டம் 1986-ல் தொடங்கிற்று. 2014-ல் 'நமாமி கங்கே' என்று 20,000 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. 2018-ல் தீனாப்பூரில் நாளொன்றுக்கு 14 கோடி லிட்டர் சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் திறந்தார்கள். 2021 டிசம்பரில் விசுவநாதர் சந்நிதியிலிருந்து நதிக்கரைக்கு அகன்ற பாதையும் திறந்தாயிற்று. படிகள் முன்னைவிடச் சுத்தமாக இருக்கின்றன. சந்தோஷம். ஆனால் படியைக் கழுவுவது வேறு, நதியைக் கழுவுவது வேறு. குளிக்கும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு 2,500-க்கு மேல் மலக்கிருமி இருக்கக்கூடாது என்பது சர்க்காரே வகுத்த வரம்பு. கிருமிக்குக் காசி மகாத்மியம் தெரியாது.

"பக்தன் இப்படிக் கணக்குப் பார்க்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு வீரபத்ர மிஸ்ரா பதில். சங்கடமோசனர் கோயிலின் மகந்த் அவர். காசி ஹிந்து சர்வகலாசாலையில் நீரியல் பொறியியல் பேராசிரியரும் அவரே. கங்கையைத் தாயென்று வணங்கி அதில் முழுகினார். அதே நீரைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிக் கிருமியை எண்ணச் செய்தார். 1982-ல் இதற்கென்றே ஒரு ஸ்தாபனம் கண்டு, 2013-ல் காலமாகும்வரை போராடினார். தாய்க்கு ஜுரம் என்றால் உஷ்ணமானி வைத்துப் பார்ப்பவன்தானே பிள்ளை? "அம்மாவுக்கு ஜுரமே வராது" என்று சொல்லிவிட்டு நகர்கிறவனை என்னவென்பது?

நாம் மூன்று நாள் இருந்து, செம்பில் ஜலம் அடைத்து, ராமேசுவரத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். படகோட்டியும் வண்ணானும் அவர்கள் குழந்தைகளும் வருஷம் முழுவதும் அந்தத் தண்ணீரிலேயே நிற்கிறார்கள். நம்முடைய புண்ணியத்துக்கு அவர்கள் வயிற்றுக்கடுப்பு விலையா? இது வடக்கத்தியார் சமாசாரம் என்று ஒதுங்கவும் வழியில்லை. பாபநாசத்தில் தாமிரபரணியில் கட்டிய துணியை அவிழ்த்து விட்டுவிட்டு, பாவம் தொலைந்தது என்று கரையேறுகிறவர்கள் யார்?

காசிக்குப் போனால் பிடித்த காய் ஒன்றும் பழம் ஒன்றும் விட்டுவிட்டு வரவேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். பலர் சாமர்த்தியமாகப் பாகற்காயை விட்டுவிட்டு வருகிறார்கள். அடுத்து போகிறவர்களுக்கு என் சிபாரிசு இது: 'கங்கைக்குத் தீட்டில்லை' என்ற பேச்சை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். விடுவது கஷ்டம்தான். நமக்கு ரொம்பப் பிடித்த காய் அது.