நியூட்டனுக்கு விடுமுறை

தமிழ்நாட்டுப் பிளஸ் ஒன் இயற்பியலின் முதல் தொகுதியில் ஆறு அலகுகள். அளவீட்டில் தொடங்கி இயக்கவியல், இயக்க விதிகள், வேலை, ஆற்றல், திண்மப் பொருள்களின் இயக்கம் என்று போய் ஈர்ப்பியலில் முடியும் அந்தப் புத்தகம் ஏறக்குறைய முழுக்க நியூட்டனுக்கு உரியது. பிளஸ் டூ பாடம் இதன்மேல்தான் நிற்கிறது. மையநோக்கு விசை தெரியாதவருக்குக் காந்தப்புலத்தில் வட்டமிடும் துகள் வெறும் சூத்திரம். கோண உந்தம் தெரியாதவருக்கு நீல்ஸ் போரின் அணு மாதிரி வெறும் கதை.

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வு ரத்தானது. 2017-18இல் அது வந்த காரணம் ஊரறிந்தது: தனியார் பள்ளிகள் பல, பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்காமலே இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்தன. அந்தப் பழக்கம் இனி தலைகாட்டாது என்று நம்புவதற்கு ஒரு காரணமும் இல்லை. மன அழுத்தம் குறையும் என்கிறார்கள் ரத்தை ஆதரிப்போர். அடிப்படையே இல்லாமல் நீட் தேர்வறைக்குள் போகிறவரின் அழுத்தத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்களோ!

இருந்த தேர்வும் யோக்கியமானதல்ல; அது சோதித்தது மனப்பாடத்தை, புரிதலை அல்ல. அமெரிக்காவில் 1992இல் டேவிட் ஹெஸ்டனிஸும் உடன் பணியாற்றியோரும் விசை பற்றிய புரிதலைச் சோதிக்க ஒரு வினாத்தாள் வெளியிட்டனர். அதில் கணக்கே கிடையாது. மேலே எறிந்த பந்தின்மீது, கையை விட்டபின், என்னென்ன விசைகள் என்ற ரகக் கேள்விகள்தாம். காற்றுத்தடையை ஒதுக்கினால் புவியீர்ப்பு ஒன்றே விடை. எறிந்த கையின் விசையும் பந்தோடு போவதாகப் பலர் எழுதுகிறார்கள். 1998இல் ரிச்சர்ட் ஹேக், உயர்நிலைப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை 62 வகுப்புகளில் 6,542 மாணவர்கள் இத்தகைய வினாத்தாள்களில் பெற்ற மதிப்பெண்களைத் தொகுத்தார். பாடத்துக்கு முன்பு எடுத்த மதிப்பெண்ணுக்கும் முழு மதிப்பெண்ணுக்கும் உள்ள தூரத்தில், விவாதித்தும் செய்துபார்த்தும் கற்ற வகுப்புகள் சராசரியாக 48 சதவீதம் கடந்தன. விரிவுரை வகுப்புகள் பதினான்கும் சராசரியாகக் கடந்தது 23 சதவீதம். அந்தப் பதினான்கில் ஒன்றுகூட 30ஐ எட்டவில்லை.

இங்கே நடப்பது விரிவுரைகூட அல்ல, விடைத்தாள் பயிற்சி. தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று வரும்வரை அளவீடுகளைத் திருத்தி எழுதும் பதிவேடு, செய்துபார்த்த கணக்கில் சேராது. நியூட்டனின் விதிகள் தமிழ்நாட்டில் ஒப்பிக்கப்படுகின்றன, கற்பிக்கப்படவில்லை. பிளஸ் ஒன் பொதுத்தேர்வை அரசு உடனே திரும்பக் கொண்டுவர வேண்டும். அதன் இயற்பியல் தாளில் பாதிக் கேள்விகளாவது சூத்திரமின்றி விடை சொல்லக்கூடியவையாக இருக்க வேண்டும்.