வெளுத்த பிளக்

திருவட்டாற்றுச் சாலைகளில் ஒருகாலத்தில் ஓடிய பிரீமியர் பத்மினி, இத்தாலியின் ஃபியட் 1100 காரின் இந்திய வடிவம்தான். 1970களில் அதற்கு இப்பெயர் வந்தது. அதன் 1089 சிசி எஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து தருவது கார்புரேட்டருக்குள் இருக்கும் ஜெட் என்னும் பித்தளைத் துண்டின் சிறு துளை. தேர்ந்த மெக்கானிக் பிளக்கைக் கழற்றிப் பார்த்தே அளவைச் சொல்லிவிடுவார்: கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம்; வெளுத்திருந்தால் குறைவு; இளங்காப்பி நிறமென்றால் சரி.

இன்று அந்தக் கணக்கு மாறிவிட்டது. எடையளவில் ஒரு பங்கு பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 2025இல் நாடெங்கும் பரவிய 20 சதவீத எத்தனால் கலவை பழைய துளை வழியே போனால் எஞ்சினுக்குப் போதாது, பிளக் வெளுக்கும். புதிய கார்களில் கணினி இதைச் சரிசெய்துகொள்கிறது. பழைய காருக்கோ ஜெட்டைச் சற்றுப் பெரிதாக மாற்றித் தரும் கை வேண்டும்.

காரைக் கழித்துவிடலாமே என்பார்கள். நமக்கு உடன்பாடில்லை. 418 ஆண்டுகளுக்குப் பின், 2022இல், ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் செப்பனிட்டுக் குடமுழுக்குக் கண்ட ஊர் இது. பழையதைக் காப்பதற்குப் பழைய வேலை தெரிந்தவர் வேண்டும் என்பதை அதற்குச் சொல்லவேண்டியதில்லை. மெக்கானிக்கின் அறிவோ பெரும்பாலும் ஏட்டில் ஏறாதது; அவரோடு போய்விடும். இலக்கியம் பேசும் நாம், ஒரு நோட்டுப்புத்தகத்தோடு அவர் பட்டறையில் போய் உட்கார்ந்தால் என்ன?